நோய் முற்றிய பிறகும் நம்பிக்கை: நர்ஸ்களுக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புற்றுநோய் வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "பேஷன்டுக்கு நம்பிக்கை கொடுங்க." எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் அவரவருக்குத் தெரிந்த வழியில் கொடுக்கிறார்கள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, சீக்கிரமே எழுந்து நடப்பீங்க" என்பது ஒரு வழி. "தைரியமா இருங்க, மனசுதான் மருந்து" என்பது இன்னொன்று. இரண்டிலும் சொல்பவருக்குத்தான் நிம்மதி. கேட்டவர் தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நம்பிக்கையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒருவர் கையில் வைக்க முடியாது என்பது என் எண்ணம். படுத்திருப்பவரிடம் அது ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருக்கும். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்வதும், அதை நசுக்கிக்கொண்டிருப்பதை அகற்றுவதும்தான் பார்த்துக்கொள்பவரின் வேலை. இதில் அகற்றும் வேலைதான் முக்கால் பங்கு.

விளக்கத்துக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். பல பேரின் நிலைமைகளைச் சேர்த்துக் கோத்த ஆள் இவர். ஈரோடு பக்கத்தில் விசைத்தறி ஓட்டியவர், வயது 52, வாய்ப் புற்றுநோய். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தாயிற்று, கீமோவும் போட்டாயிற்று. கட்டி திரும்ப வந்து கன்னத்தில் புண்ணாக உடைந்திருக்கிறது. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகிறது. வீட்டில் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், அடிக்கடி வந்து போகும் மச்சான். இவரைத் தறிக்காரர் என்றே சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன்: இரண்டு ஆய்வுகள் போதும்

நர்சிங் துறையில் நம்பிக்கையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். படுக்கையருகே உடனே உதவுவது என்று பார்த்தால் இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, அமெரிக்க நர்ஸ்களான கேரின் டூஃபால்ட்டும் பெனிட்டா மார்ட்டோச்சியோவும் 1985-ல் எழுதியது. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பிறகு நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார்கள். குறிப்பிட்ட ஒன்றின் மேல் வைக்கும் நம்பிக்கை முதல் வகை: "இந்தக் கீமோவில் கட்டி கரையணும்", "பொங்கலுக்கு வீட்டில் இருக்கணும்." இன்னொன்று எதன் பேரையும் சொல்லாதது: "எப்படியோ சமாளிச்சுக்கலாம், நம்மளை விட்டுட மாட்டாங்க." ஸ்கேன் ரிப்போர்ட் மோசமாக வரும் நாளில் முதல் வகை உடைகிறது. அன்று ஆளைத் தாங்கிப் பிடிப்பது இரண்டாவது வகைதான். ஆகவே அன்றைக்கு உடனே இன்னொரு மருந்தின் பெயரைச் சொல்லி ஓட்டையை அடைக்கத் தேவையில்லை. அவரை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, கேய் ஹெர்த் 1990-ல் வெளியிட்ட ஆய்வு. இவரும் நர்ஸ். மரணத்தை நெருங்கியிருந்த 30 பேரிடம் பேசி, நம்பிக்கையை எது வளர்க்கிறது, எது கெடுக்கிறது என்று கேட்டார். வளர்ப்பவை என்று வந்தவை: நெருக்கமான உறவுகள், எட்டக்கூடிய இலக்குகள், ஆன்மிகப் பிடிமானம், அவரவர் சொந்தக் குணபலம், நல்ல நினைவுகள், தன்னை மதிக்கிறார்கள் என்ற உணர்வு, அப்புறம் சிரிப்பு. கெடுப்பவை மூன்று: கைவிடப்பட்டுத் தனித்துப்போதல், அடங்காத வலி, தன்னை ஒரு மனிதராகவே நடத்தாமை.

இந்த மூன்றில் நோய் குணமாகாதது என்ற ஒன்று இல்லை. மூன்றுமே நர்ஸும் வீட்டாரும் கைவைத்து மாற்றக்கூடியவை.

படி 1: வலியை முதலில் கவனியுங்கள், பேச்சு அப்புறம்

வலியில் துடிப்பவரிடம் "உங்களுக்கு என்ன ஆசை?" என்று கேட்டால், "இந்த வலி நிக்கணும், இல்லாட்டி நான் போயிடணும்" என்பார். அதை வைத்து அவர் நம்பிக்கை இழந்துவிட்டார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடக் கூடாது. வலியை அடக்கி, இரண்டு ராத்திரி தூங்கவிட்டு மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் பதில் வேறாக இருக்கும்.

முற்றிய புற்றுநோய் வலிக்கு முக்கிய மருந்து மார்ஃபின். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர், பிறகு டாக்டரானார். வலி வந்த பின் ஊசி போடுவதற்குப் பதிலாக, வலி திரும்பும் முன்பே கடிகாரம் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதை அவர் நிலைநிறுத்தினார். உடலின் வலியோடு மனம், குடும்பம், பணம், ஆன்மிகம் எல்லாம் பின்னிக்கிடக்கும் என்பதால் "முழுமையான வலி" என்றும் பேசினார்.

நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து மறைந்தே போனது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொள்வது எளிதாயிற்று. பயம் மட்டும் இன்னும் போகவில்லை. "அது பழகிடுமாம்", "கடைசியில கொடுக்கிற மருந்தாம்" என்று தறிக்காரரின் மச்சான் சொல்வார். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது என்று சொல்லுங்கள். மரணத்துக்காகக் கொடுக்கும் மருந்து இல்லை, வலிக்காகக் கொடுப்பது, மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே நடமாடுபவர்கள் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். ஒரு வேளை தள்ளிப்போனால் வலி முந்திக்கொள்ளும். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், ஆகவே அதற்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் குறையும். குழாயில் மருந்து போகும் தறிக்காரர் போன்றவர்களுக்கு இன்னொன்று: மெதுவாகக் கரையும் வகை மார்ஃபினைப் பொடித்துக் குழாயில் விடவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். எந்த வகை, எவ்வளவு என்பதெல்லாம் டாக்டரின் முடிவு.

வலிக்கு அடுத்து நாற்றம். இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கன்னத்துப் புண் வீசும் வாடையால் மகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள், பார்க்க வருபவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள், மனைவி பாயைத் தள்ளிப் போடுகிறாள். தறிக்காரருக்கு எல்லாம் தெரியும். ஹெர்த் சொன்ன "தனித்துப்போதல்" நம் வீடுகளில் இப்படித்தான் நுழைகிறது. தினமும் உப்புநீரில் புண்ணைக் கழுவி, டாக்டர் எழுதித் தந்தால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டால் வாடை நன்றாகக் குறையும். பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். எவ்வளவு ஆறுதல் பேசினாலும் இது நடக்காது.

மூச்சுத்திணறலுக்கு முகத்தில் படும்படி ஒரு சின்ன ஃபேன், சாய்ந்து உட்காரத் தலையணை. தூக்கமின்மை, அரிப்பு, வாய்ப்புண் என்று சில்லறையாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் கேளுங்கள்.

படி 2: அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று கேளுங்கள்

நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்குக் கண் நேராக இருக்கும்படி உட்காருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால்கூட நிறைய நேரம் இருந்ததாக நோயாளிக்குத் தோன்றும்.

கேட்கச் சில வழிகள்:

"உங்க உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொல்லியிருக்காங்கண்ணா? நீங்க என்ன புரிஞ்சு வச்சிருக்கீங்க?"

"இப்போ மனசுல ரொம்ப ஓடுறது எது?"

"நாளைக்குக் காலையில எழுந்தா எது நடந்திருந்தா நல்லா இருக்கும்?"

"இது மட்டும் நடந்துடக் கூடாதுன்னு எதையாவது நினைக்கிறீங்களா?"

கடைசிக் கேள்வி பலருக்குத் தயக்கமாக இருக்கும். ஆனால் நம்பிக்கையும் பயமும் ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று. "வீட்டுக்காரிக்குப் பாரமாயிடக் கூடாது" என்பவரின் நம்பிக்கை எதில் இருக்கிறது என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை.

கேட்ட பிறகு சும்மா இருங்கள். தறிக்காரருக்குப் பேச்சு குழறும், எழுதிக் காட்ட நேரம் எடுக்கும். ஒரு ஸ்லேட்டும் சாக்பீஸும் வாங்கிக் கொடுங்கள். பேச முடியாதவரிடம் பேசுவதை விட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலாக மனைவியிடம் "சாப்பிட்டாரா? மோஷன் போனாரா?" என்று கேட்பது நம் வார்டுகளில் தினமும் நடக்கிறது. மனிதராக நடத்தாமை என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். பெட் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதும் அதே ரகம்.

அவர் எழுதிக் காட்டிய பட்டியல் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: மகள் பரீட்சை நல்லபடியாக எழுத வேண்டும். கைமாத்துக் கடன் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். ஒரு தடவை நாக்கில் குழம்பு ருசி பார்க்க வேண்டும். கட்டி குறைந்தால் தறிக்குப் போக வேண்டும்.

நான்காவதைப் படித்ததும் "ஐயோ, இவருக்கு நிலைமையே புரியலையே" என்று பதற வேண்டாம். ஒரே மனிதர் கடனைத் தீர்க்கவும் ஏற்பாடு செய்வார், தறிக்குத் திரும்பவும் ஆசைப்படுவார். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஸ்லேட்டில் வரும். கடனைத் தீர்க்க நினைப்பதே, தனக்கு ஏதோ தெரியும் என்பதற்கு அடையாளம். நடக்காத ஆசையை அடித்துத் திருத்துவது நர்ஸின் வேலை ஆகாது. அந்த ஆசையை நம்பி அவர் கெடுதலான முடிவு எதுவும் எடுக்காதவரை, அது அங்கேயே இருக்கட்டும்.

படி 3: "அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"

தமிழ்க் குடும்பங்களில் இது ஏறக்குறைய சடங்கு. ரிப்போர்ட்டை மச்சான் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். "அல்சர்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லுங்க." மறுபக்கம் தறிக்காரர், மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஸ்லேட்டில் எழுதுவார்: "எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டா."

இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள். அதனால் பேச வேண்டிய எதையும் பேச முடியாமல் ஒரே அறையில் தனித்தனியாக இருக்கிறார்கள்.

குடும்பத்தாரைக் குற்றவாளிகளாகப் பார்த்தால் கதவு மூடிக்கொள்ளும். முதலில் அவர்களைத் தனியாக உட்காரவைத்து, "அவர் மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு பார்க்கிறீங்க, புரியுது" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள்: "தினமும் அவர் முன்னாடி சிரிச்ச மாதிரி இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" இங்கேதான் பெரும்பாலும் அழுகை வரும். அதற்குப் பிறகு அனுமதி கேளுங்கள். "நானாக எதையும் போய்ச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு மட்டும் கேட்கிறேன். அவரே கேட்டார்னா பொய் சொல்லவும் மாட்டேன். சரிங்களா?" இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டால் பிறகு சிக்கல்.

நோய் என்ன, எந்தக் கட்டம் என்று முதன்முதலில் சொல்வது டாக்டரின் பொறுப்பு. நர்ஸ் முந்திக்கொள்ளக் கூடாது. ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போனதும் வரும் உண்மையான கேள்விகளெல்லாம் நர்ஸிடம்தான் வரும். ஆகவே டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

தனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. "எதுன்னாலும் என் பையன்கிட்ட பேசிக்கங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அது அவர் எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும்.

படி 4: கேட்கக் கூடாத கேள்விகளுக்குப் பதில்

"எனக்கு நல்லாயிடுமுங்களா சிஸ்டர்?"

"ஆயிடும்" என்பது பொய். "ஆகாது" என்பது அடி. "கடவுள் விட்ட வழி" என்பது தப்பித்தல். முதலில் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். "இன்னைக்கு இப்படித் தோணுறதுக்கு ஏதாச்சும் நடந்துச்சாண்ணா?" பக்கத்துப் படுக்கைக்காரர் ராத்திரி இறந்திருக்கலாம். வலி கூடியிருக்கலாம். சில நேரம் அவர் கேட்பதே வேறு: "என்னை வீட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் நீங்க பார்ப்பீங்களா?"

உண்மையாகவே கேட்கிறார், டாக்டரும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்றால் இப்படிச் சொல்லலாம்: "நல்லாயிடணும்னுதான் எனக்கும் ஆசைண்ணா. ஆனா கட்டியைக் கரைக்கிற மருந்து இனிமே கேட்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. வலியையும் புண்ணையும் விடாம பார்த்துக்குவோம். வியாழக்கிழமை நான் வருவேன்." கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எந்த நாளில் வருவீர்கள் என்று சொல்லி, அந்த நாளில் வந்து நின்றால், டூஃபால்ட் சொன்ன இரண்டாவது வகை நம்பிக்கை தானாக ஊறும். வராமல் போனால் ஒரே நாளில் வற்றும். ஆகவே முடியாத நாளைச் சொல்லாதீர்கள்.

"இன்னும் எத்தனை நாள்?"

இதற்கு எண் சொல்லாதீர்கள். டாக்டர்களாலேயே சரியாகச் சொல்ல முடிவதில்லை. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லாமன்ட்டும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிகாகோவில் ஹாஸ்பிஸில் சேர்ந்த 468 நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று 343 டாக்டர்களிடம் கேட்டுவைத்துக்கொண்டார்கள். கணிப்பு ஓரளவு பொருந்தியது 20 சதவீதத்தில்தான். 63 சதவீதத்தில் டாக்டர்கள் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். "மாதக்கணக்கா, வாரக்கணக்கா, நாள்கணக்கா" என்ற அளவில் டாக்டரிடமிருந்து பதில் வாங்கிக் கொடுப்பதுதான் நேர்மை.

இன்டர்நெட்டில் தேடி "சராசரியா எட்டு மாசம்னு போட்டிருக்கே" என்று வரும் மகளுக்கு ஸ்டீஃபன் ஜே கூல்டைப் பற்றிச் சொல்லலாம். அமெரிக்காவின் உயிரியல் அறிஞர். 1982-ல் அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று புத்தகங்கள் சொல்லின. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருப்பார்கள் என்றுதானே அர்த்தம், அந்தப் பாதிப் பேரின் ஆயுள் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-ல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். எல்லோரும் கூல்ட் ஆகிவிட மாட்டார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு எண்ணை எப்படிப் படிப்பது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." இது நோயாளி கேட்பது இல்லை, நம் பக்கம் சொல்வது. இதை மட்டும் எந்த நிலையிலும் சொல்லாதீர்கள். கட்டிக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகலாம். ஆளுக்குச் செய்ய நிறைய இருக்கிறது.

படி 5: ஆசையை நாள் குறித்துக் காரியமாக்குங்கள்

மனோதத்துவத்தில் சி.ஆர். ஸ்னைடர் என்பவர் 1990-களில் நம்பிக்கையை இரண்டு பாகமாகப் பார்த்தார்: போகும் வழி தெரிவது, போக முடியும் என்ற உந்துதல். நோயாளிக்கு உந்துதல் இருக்கும், வழி அடைபட்டிருக்கும். வழியைக் கண்டுபிடிப்பதில் நர்ஸ்கள் கெட்டிக்காரர்கள்.

குழம்பை எடுத்துக்கொள்வோம். விழுங்க முடியாது, புரையேறும். ஆனால் டாக்டரிடம் கேட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, குழம்பை வடிகட்டிப் பஞ்சில் நனைத்து நாக்கில் தொட்டு, பிறகு துடைத்தெடுக்கலாம். புண் இருக்கும் பக்கம் படாமல், காரமில்லாமல். மனைவி சமைக்க வேண்டும், அது முக்கியம். குழாயில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கும் செய்துபோட எதுவும் இல்லாமல் இருந்தது.

கடன்: யாருக்கு, எவ்வளவு, எழுத்தில் இருக்கிறதா? மச்சானைக் கூப்பிட்டு, தறிக்காரர் முன்னிலையிலேயே எழுதவையுங்கள். ரேஷன் கார்டு, பேங்க் நாமினி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இந்தச் சாக்கிலேயே பேசி முடித்துவிடலாம். "இதையெல்லாம் பேசினா நம்பிக்கை போயிடும்" என்பார்கள். கணக்கு முடிந்த அன்று ராத்திரி அவர் தூங்குவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மகளின் பரீட்சை: தேதி தெரியும். அதுவரை இருப்பாரா தெரியாது. ஒரே ஒரு தேதியில் எல்லாவற்றையும் கட்டி வைக்காதீர்கள். அந்தத் தேதி தவறினாலும் ஆபத்து, தாண்டிய மறுநாளும் ஆபத்து, அன்றைக்குச் சிலர் மனம் சரிந்துவிடலாம். இன்றைக்கு ஒன்று, இந்த வாரம் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மூன்று இருக்கட்டும். தூரத்து இலக்கில் ஒரு பகுதியை இப்போதே செய்துவிடலாம்: பரீட்சைக்கான பேனாவை அவரே கையால் கொடுக்கட்டும், மகளுக்கு இரண்டு வரி எழுதி வைக்கட்டும்.

தறிக்குப் போகும் ஆசை? ஓட்ட முடியாது. முதலாளி சம்மதித்தால் ஒரு அரைமணி நேரம் ஆட்டோவில் கூட்டிப்போய்த் தறி ஓடும் இடத்தில் உட்காரவைக்கலாம். அதற்குக் கிளம்பும் முன் ஒரு வேளை வலி மருந்து, மாற்றுக் கட்டு, தண்ணீர், குழாய்க்குச் சிரிஞ்ச். இந்தப் பையைத் தயார் செய்வதும் நர்சிங்தான்.

சிரிப்பை மறந்துவிடாதீர்கள். நம் தறிக்காரர் நையாண்டி பேசுபவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆரம்பித்தால் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

படி 6: வேண்டுதல், லேகியம், இன்னொரு டாக்டர்

பண்ணாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். சர்ச்சிலிருந்து ஜெபிக்க வருவார்கள். தர்காவில் ஓதிய தண்ணீர் வரும். சிகிச்சைக்குக் குறுக்கே வராதவரை இவற்றை ஓரமாகத் தள்ளக் கூடாது. "உங்க வேண்டுதல் என்னண்ணா?" என்று கேட்டால் அதிலிருந்தே ஒரு பேச்சு பிறக்கும்.

கண்டிப்பு தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. "நாலு டோஸ்ல கட்டி விழுந்துடும், 80 ஆயிரம் கொண்டுவாங்க, இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க" என்று சொல்லும் ஆள். ஆசையைக் கேலி செய்யாமல் மூன்று கேள்விகளை வீட்டாரிடம் கொடுங்கள். இதனால் வலி மருந்து நிற்கிறதா? மகள் படிப்புக்கு வைத்திருக்கும் பணமா? மருந்து கேட்காவிட்டால் பணம் திரும்புமா? பதிலை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கு அனுப்புவதையே கைவிடுதல் என்று நினைக்கிறார்கள். 2010-ல் பாஸ்டனில் ஜெனிஃபர் டெமல் குழுவினர், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. மனச்சோர்வு குறைவு. இடைநிலை ஆயுளும் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. எல்லாப் புற்றுநோய்க்கும் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. "அங்கே அனுப்பினா சீக்கிரம் போயிடுவாரு" என்ற பயத்துக்கு இது போதுமான பதில்.

கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய அமைப்பிலிருந்து ஊர்மக்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பெரிய வலையமைப்பு உருவானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

படி 7: நம்பிக்கை உண்மையிலேயே அற்றுப்போனால்

அழுவது, கோபப்படுவது, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது எல்லாம் துக்கம். நல்ல செய்தி வந்தால் முகம் மாறும், பேத்தியைப் பார்த்தால் கை நீளும். எதற்குமே அசையாமல், வாரக்கணக்கில், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. "இந்த நிலைமையில யாருக்குத்தான் சோகம் இருக்காது" என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

"போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதாண்ணா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைத்து, அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வெறும் களைப்பில் சொன்னதாகவும் இருக்கலாம், "போதும்பா" என்ற அர்த்தத்தில். கேட்டால்தான் தெரியும்.

அளவுகோல் வேண்டுமென்றால்

கேய் ஹெர்த் 1992-ல் உருவாக்கிய ஹெர்த் நம்பிக்கை அட்டவணையில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 12-லிருந்து 48. தனிமையைப் பற்றியும் எதிர்காலப் பயத்தைப் பற்றியும் வரும் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் தலைகீழாக மதிப்பெண் போட வேண்டும், மாணவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. வார்டில் இதை மார்க் ஷீட்டாகப் பயன்படுத்தி "பெட் 9-க்கு நம்பிக்கை 27" என்று சொல்வதில் பயன் இல்லை. எந்த வாக்கியத்துக்குக் குறைவாகப் போட்டார் என்று பார்த்து, அதிலிருந்து பேச ஆரம்பிப்பதற்கு உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் புற்றுநோயை ஒட்டியே இருக்கிறது. இதய செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றில் பாதை இப்படி ஒரே சரிவாக இருக்காது. இறங்கும், ஏறும். ஒவ்வொரு முறையும் ஐ.சி.யு.விலிருந்து மீண்டு வந்தவர் அடுத்த முறையும் வருவோம் என்றே நினைப்பார். அங்கே நன்றாக இருக்கும் நாளில்தான் கடினமான பேச்சை எடுக்க வேண்டும்.

படி 8: கடைசி நாட்களில்

இப்போது நம்பிக்கை என்பது ரொம்பச் சின்ன அளவுக்கு வந்திருக்கும்: வலி இல்லாமல், வீட்டில், தன் ஆட்கள் நடுவில். இந்த மூன்றையும் காப்பாற்றுவதுதான் வேலை.

பெரிய இடைஞ்சல் சாப்பாட்டில் வரும். "பட்டினி போட்டுக் கொல்றமே, ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க" என்று மனைவி கெஞ்சுவாள். உடம்பு தன் வேலைகளை நிறுத்திக்கொண்டே வரும்போது பசி குறையும். சாப்பிடாததால் போவதில்லை, போய்க்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. இந்த நிலையில் டிரிப்ஸ் ஏற்றினால் கைகால் வீங்கவும் நெஞ்சில் சளி கட்டவும்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவள் கை சும்மா நிற்கும். ஈரத்துணியால் உதட்டை நனைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது, காலில் எண்ணெய் தடவுவது எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அது பார்ப்பவர்களைக் கலக்கும் அளவுக்கு அவரை வருத்துவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூச்சு விட்டு விட்டு வரும், கைகால் சில்லிடும் என்பதையும். தெரிந்திருந்தால் நடுராத்திரியில் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வழியிலேயே உயிர் போகும்படி ஆகாது. நினைவில்லாதது போல் இருந்தாலும் காதில் விழும் என்றே வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். "கடன் முடிஞ்சிருச்சு மாமா, நான் பார்த்துக்கிறேன்" என்று மச்சான் சொல்ல வேண்டியது இப்போதுதான்.

நர்ஸும் களைத்துப்போவார். ஒரே மாதத்தில் நாலைந்து பேரை இழந்தால் அடுத்தவரிடம் பேசும்போது குரல் தட்டையாகும். டீமில் ஒருவரிடம் அந்தந்த நபரின் பெயரைச் சொல்லிப் பேசிவிடுங்கள். இழவு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். முடிந்தால் போங்கள்.

காரியம் முடிந்து இரண்டொரு வாரத்தில் ஒரு தடவை வீட்டுக்குப் போய் வருவது பராமரிப்பின் பகுதியே. மனைவி அநேகமாக இதைக் கேட்பாள்: "அன்னைக்கு குளுக்கோஸ் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாருங்களா?" பதிலை அவசரமாகச் சொல்லாமல், அந்த நாட்களில் அவள் என்னென்ன செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிறகு "இல்லைங்க, அது ஆயுளைக் கூட்டியிருக்காது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மகளிடம் பரீட்சை எப்படிப் போனது என்று கேளுங்கள். கிளம்பும் முன் மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கித் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.